ஒரு சோறு பதம் பார்த்தவர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுக்களைப் பழமொழி. அப்பழமொழியையே தொழிலாகக் கொண்டு, ஒரு பெருநாட்டு மக்களின் மனத்தைப் பதம் பார்க்க முற்பட்டவர் ஒருவர் உண்டு. அவரே ஜார்ஜ் காலப். தேர்தல் வருவதற்கு முன் இன்ன கட்சிக்கு நூற்றுக்கு இத்தனை பேர் என்று செய்தித்தாள்கள் இன்று எண்களை அடுக்குகின்றன. அவ்வழக்கத்தை ஊரறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் அவர். புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையில் எனக்கு ஈடுபாடு மிகுதி. அவர் வென்ற தேர்தல்களைப் பற்றிப் பலரும் பேசுவர். அவரைக் கவிழ்த்த தேர்தல் ஒன்றும் உண்டு. அதுவே நமக்குக் கூடுதலான பாடம் தருவது என்பது என் எண்ணம். ஆதலின் இரண்டையும் சேர்த்தே இங்குச் சொல்லப் புகுகிறேன்.

1901ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள், அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில், ஜெபர்சன் என்னும் சிற்றூரில் காலப் பிறந்தார். மக்காச்சோள வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் நிலப்பகுதி அது. அவருடைய தந்தையார் எட்டு மூலைகளுடைய ஒரு வீட்டைக் கட்டி அதில் தம் குடும்பத்தைக் குடியேற்றியவர். ஊரார் நான்கு மூலை வீடு கட்டும்போது தாம் எட்டு மூலை வைத்துக் கட்டிய அந்தத் துணிவு மகனுக்கும் ஓரளவு வந்திருக்க வேண்டும்.

அயோவாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காலப், அங்கு மாணவர் நாளிதழின் ஆசிரியரானார். மாணவர் பத்திரிகை நடத்துவோர் யாவரும் அறிந்த ஒரு துன்பம் உண்டு. அச்சிட்டுக் கொடுத்ததை யார் படிக்கிறார்கள், யார் மடித்து வைத்துவிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. இந்த ஐயம் அவரையும் பற்றியது. 1922ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் செயின்ட் லூயி நகரத்துப் பத்திரிகை ஒன்றுக்காக வீடு வீடாகச் சென்று, பத்திரிகையில் எதைப் படிக்கிறீர்கள் என்று கேட்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. பலரும் தலையங்கத்தையும் முதற்பக்கச் செய்திகளையும் படிப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் விரும்பிப் புரட்டியவை கேலிச் சித்திரங்களும் இலேசான செய்திகளுமே என்பதைக் காலப் கண்டுகொண்டார். மனிதன் தன்னைப் பற்றிச் சொல்வது ஒன்று, செய்வது மற்றொன்று என்பது அவர் வாழ்நாள் முழுதும் பற்றிக்கொண்ட முதற்பாடம்.

அதன்பின் அவர் ஒரு புதுமுறையை வகுத்தார். பழைய இதழைக் கையில் எடுத்துக்கொண்டு படிப்பவரின் அருகில் அமர்வது; பக்கம் பக்கமாக, பத்தி பத்தியாகச் சுட்டிக் காட்டி, இதைப் படித்தீரா, இதைப் படித்தீரா என்று கேட்பது; இதுவே அம்முறை. பொதுவாகக் கேட்டால் பெருமைக்குப் பதில் சொல்பவர், இப்படிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். இம்முறையைப் பற்றிய ஆராய்ச்சிக்கே 1928இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். இடையில் 1926இல், உயர்நிலைப் பள்ளிகளில் பத்திரிகை நடத்தும் மாணவர்களை ஊக்குவிப்பதற்கென்று ஒரு சங்கம் தோன்றவும் காரணமாயிருந்தார். சில ஆண்டுகள் கல்லூரிகளில் பத்திரிகைக் கலை கற்பித்துவிட்டு, 1932இல் நியூயார்க்கிலுள்ள பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சித் தலைவராகச் சென்று சேர்ந்தார்.

நிற்க. அரசியலுக்கு அவர் வந்த வழி, அவர் பெண்ணெடுத்த வீட்டின் வழி. 1925இல் அவர் மணந்துகொண்ட ஒபீலியாவின் தந்தையார் அலெக்ஸ் மில்லர் ஒரு பத்திரிகாசிரியர். அவர் 1926இல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் அயோவாவின் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றவர்; பின்னர் மறைந்தார். இங்கு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நம் நாட்டில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவிலோ மாநிலக் கவர்னரை அம்மாநில மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில ஆட்சி அவர் கையில் இருப்பதால், நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர் என்று அவரைக் கொள்ளலாம். ஆகவே கவர்னர் தேர்தல் என்றால் அங்கு ஊரெல்லாம் ஒரே பரபரப்பு.

மறைந்த மில்லரின் மனைவியாரான ஓலா பாப்காக் மில்லரை 1932இல் கட்சியினர் அயோவா மாநிலச் செயலாளர் பதவிக்கு நிறுத்தினார்கள். அயோவா குடியரசுக் கட்சியின் கோட்டை. அம்மையார் வெல்வார் என்று எவரும் பெரிதாக நம்பவில்லை. மாமியாரின் தேர்தலுக்காகவே காலப் முதன்முதலில் வாக்காளர் மனத்தை ஆராயத் தலைப்பட்டார் என்பர். அவ்வாண்டு வீசிய பெருங்காற்றில் கோட்டை சரிந்தது. கவர்னர் பதவியும் ஜனநாயகக் கட்சிக்கே போயிற்று, அம்மையாரும் வென்றார். அயோவாவில் மாநிலச் செயலாளர் பதவியை அடைந்த முதற்பெண்மணி அவரே. பத்திரிகை படிப்போரைக் கணிக்கும் முறை வாக்களிப்போரைக் கணிக்கவும் உதவும் என்னும் நம்பிக்கை காலப்புக்கு உறுதிப்பட்டது.

1935இல் பிரின்ஸ்டன் நகரில் அமெரிக்கப் பொதுக் கருத்து நிலையம் என்னும் அமைப்பை அவர் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய கட்டுரைத் தொடர் பல பத்திரிகைகளில் ஒரே சமயத்தில் வெளிவரலாயிற்று. அத்தொடருக்காகப் பத்திரிகைகளுக்கு அவர் கொடுத்த வாக்குறுதியைக் கேட்டால் வியப்பு உண்டாகும். அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்னும் புகழ்பெற்ற வார இதழைவிடத் தம் கணிப்புச் சரியாக அமையாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

டைஜஸ்ட் சாதாரணப் போட்டியன்று. 1920 முதல் 1932 வரை நடந்த நான்கு ஜனாதிபதித் தேர்தல்களிலும் வெற்றியாளரை அது முன்கூட்டியே சொல்லியிருந்தது. 1936இல் அது ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வாக்குச் சீட்டு அனுப்பியது. ஏறக்குறைய 24 இலட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, கான்சாஸ் மாநிலக் கவர்னராயிருந்த லாண்டன் எளிதில் வெல்வார் என்றும், பதவியிலிருந்த ரூஸ்வெல்ட் தோற்பார் என்றும் அது அறிவித்தது.

இதற்குத் துணையாக மற்றொரு நம்பிக்கையும் அந்நாட்டில் நிலவியது. மெயின் என்னும் வடகிழக்கு மாநிலம் அக்காலத்தில் தன் கவர்னர் தேர்தலைச் செப்டம்பரிலேயே நடத்திவிடும். மெயின் எப்பக்கம் சாய்கிறதோ நாடும் அப்பக்கம் சாயும் என்பது அரசியல்வாதிகளின் சோதிடம். 1936 செப்டம்பரில் மெயின் மக்கள் குடியரசுக் கட்சிக்காரரையே கவர்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். லாண்டனின் ஆதரவாளர்கள் மகிழ்ந்தார்கள்.

காலப் என்ன செய்தார்? டைஜஸ்ட் தன் சீட்டுகளை அனுப்புவதற்கு முன்னரே, டைஜஸ்டின் முடிவு என்னவாக இருக்கும் என்பதை அவர் கணித்து வெளியிட்டார்! டைஜஸ்ட் பயன்படுத்திய பட்டியல்கள் போன்றவற்றிலிருந்து 3,000 பேரை எடுத்து அவர்களுக்கு அஞ்சலட்டை எழுதிக் கேட்டார். டைஜஸ்ட் லாண்டனுக்கு 56 விழுக்காடு என்று சொல்லப்போகிறது, அது தவறாகவும் இருக்கும் என்றார். டைஜஸ்ட் ஆசிரியர் கடுஞ்சினம் கொண்டார். ஆனால் டைஜஸ்ட் பின்னர்ச் சொன்ன எண் ஒரு விழுக்காட்டளவே வேறுபட்டது.

தேர்தலில் ரூஸ்வெல்ட் 61 விழுக்காட்டளவு வாக்குப் பெற்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெயின், வெர்மாண்ட் என்னும் இரண்டே மாநிலங்கள். தம் சொந்தக் கான்சாஸிலும் அவர் தோற்றார். இரண்டாண்டுக்குள் டைஜஸ்ட் மறைந்தது. காலப்புடன் எல்மோ ரோப்பர், ஆர்ச்சிபால்டு கிராஸ்லி என்னும் இருவரும் ரூஸ்வெல்டின் வெற்றியைச் சரியாகச் சொல்லியிருந்தனர். எனினும் நாடறிந்த பெயர் காலப்பின் பெயராயிற்று.

டைஜஸ்ட் ஏன் வீழ்ந்தது? அதன் பட்டியல்கள் தொலைபேசி வைத்திருப்போர், மோட்டார் வண்டி வைத்திருப்போர் ஆகியோரின் பெயர்களால் நிரம்பியவை. பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. வேலையிழந்து நின்றவனிடம் தொலைபேசி ஏது? மேலும், சீட்டுப் பெற்ற நால்வரில் ஒருவர்கூட முழுமையாகப் பதில் அனுப்பவில்லை. அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களைப் போன்றவர்கள் என்பதற்கு என்ன உறுதி? 24 இலட்சம் பருக்கைகளை எடுத்துப் பார்த்தாலும், எல்லாவற்றையும் பானையின் மேற்பரப்பிலிருந்தே எடுத்தால் அடிச்சோற்றின் பதம் எப்படித் தெரியும்?

காலப்பின் முறை வேறு. ஆண், பெண், முதியவர், இளைஞர், நகரத்தார், நாட்டுப்புறத்தார், செல்வர், ஏழை என மக்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை பேரைக் காண வேண்டும் என்று வினவுநர்களுக்கு அவர் பங்கீடு செய்து கொடுப்பார். எடுத்துக்காட்டாக, செயின்ட் லூயி நகரத்தில் ஒரு வினவுநர் 13 பேரைக் காண வேண்டும். அவர்களில் 6 பேர் புறநகரினர், 7 பேர் நகரின் நடுப்பகுதியினர். 7 பேர் ஆண்கள், 6 பேர் பெண்கள். இதற்குமேல் வயதுக்கும் நிறத்துக்கும் வாடகைக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. பார்ப்பதற்கு நாட்டையே சிறிதாக்கி வார்த்தெடுத்தது போலிருக்கும்.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. பங்கீட்டுக் கணக்கு நிறைந்துவிட்டால் போதும். அந்த 13 பேர் எவர் எவர் என்பது வினவுநரின் விருப்பம். வெயிலில் அலைந்து திரியும் வினவுநர் யாரை நாடுவார்? கதவைத் திறந்து நன்றாகப் பேசுபவரை, ஒழுங்கான தெருவில் இருப்பவரை, பகலில் வீட்டில் அகப்படுபவரையே நாடுவார். அத்தகையோர் குடியரசுக் கட்சிப் பக்கம் சற்றே சாய்ந்தவர்கள்.

அதே காலத்தில் கல்கத்தாவில் நம் மகலனோபிஸ் சணல் பயிரை அளவிட மாதிரிக் கணக்கெடுப்புகளை நடத்திவந்தார். எந்த நிலத்தை அளப்பது என்பதை அளப்பவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கலைப் போன்ற முறையால் தீர்மானிப்பது அவருடைய நெறி. நடந்து போவதற்கு வசதியான வயல், வரப்போரத்து வயல் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கு யாருக்கும் கிடையாது. சணல் வயலுக்குத் தேவைப்பட்ட அந்தக் கண்டிப்பு வாக்காளருக்கும் தேவை என்பதைத் தேர்தல் கணிப்பாளர்கள் உணரப் பல ஆண்டுகள் பிடித்தன.

எண்களைப் பாருங்கள். 1936இல் குடியரசுக் கட்சிக்கு 44 விழுக்காடு என்று காலப் கணித்தார், கிடைத்தது 38. 1940இல் 48 என்றார், கிடைத்தது 45. 1944இல் 48 என்றார்; கிடைத்தது 46. மூன்று தேர்தல்களிலும் வெற்றியாளரை அவர் சரியாகச் சொன்னார். மூன்றிலும் அவர் எண் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ரூஸ்வெல்ட் பெரும் வேறுபாட்டில் வென்றதால் அச்சாய்வை எவரும் பொருட்படுத்தவில்லை. பிழை தற்செயலானதாயின் ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் விழும். மூன்று முறையும் ஒரே பக்கம் விழுந்தால் தராசிலேயே கோளாறு என்று பொருள். சோதனைச் சாலையில் முதலாண்டு மாணவனுக்கும் சொல்லிக் கொடுக்கும் இவ்வுண்மை, வெற்றி முழக்கத்தில் அமுங்கிப் போயிற்று.

1948இல் கணக்குத் தீர்க்கப்பட்டது. அவ்வாண்டு ட்ரூமனை எதிர்த்து நின்றவர் நியூயார்க் மாநிலக் கவர்னர் டூயி. டூயிக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5 என்பது காலப்பின் இறுதிக் கணிப்பு. முடிவு ஏறக்குறைய தலைகீழாயிற்று. ட்ரூமனுக்கு ஐம்பதை ஒட்டியும், டூயிக்கு 45 அளவிலும் கிடைத்தன. டூயி வென்றதாக அவசரப்பட்டு அச்சிட்ட சிகாகோப் பத்திரிகையை ட்ரூமன் சிரித்த முகத்துடன் தூக்கிக் காட்டும் புகைப்படம் உலகெங்கும் பரவியது. சில பத்திரிகைகள் காலப்பின் தொடரை நிறுத்தின. நேற்றுவரை மேதை என்றவர்கள் அவரைக் கேலி செய்தார்கள்.

கற்றறிந்தோர் குழு ஒன்று இத்தோல்வியை ஆராய்ந்து 1949இல் அறிக்கை வெளியிட்டது. வாக்குப் பதிவுக்கு ஒரு வாரத்துக்கும் முன்னரே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டதும், கடைசி நேரத்தில் மனம் மாறியவர்களைக் கணக்கில் கொள்ளாததும் காரணங்களுள் சேர்ந்தன. பங்கீட்டு முறையின் குறையும் வெளிச்சத்துக்கு வந்தது. காலப்பின் பெருமையை நான் இவ்விடத்திலேயே காண்கிறேன். தம் பெயர் சந்தி சிரித்த நாளிலும் அவர் தொழிலை விட்டு ஓடவில்லை. பழைய முறையையே கட்டிக்கொண்டு அழவுமில்லை. வாக்குப் பதிவு நெருங்கும்வரை கேள்வி கேட்கும் ஏற்பாட்டைச் செய்தார். யாரைக் காண்பது என்னும் தேர்வை வினவுநரிடமிருந்து பறித்து, நிகழ்தகவு விதிக்கு உட்படுத்தும் முறைக்கு மெல்ல மெல்ல மாறினார். பின்வந்த தேர்தல்களில் ஒருபக்கச் சாய்வு பெரிதும் குறைந்தது.

இவ்விடத்தில் ஓர் அறிவியற் செய்தியைச் சொல்லியாக வேண்டும். குலுக்கல் முறையில் எடுத்த 1,000 பேரின் கருத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு கூடவோ குறையவோ பிழை நேரலாம். அப்பிழையைப் பாதியாக்க 2,000 பேர் போதாது; 4,000 பேர் வேண்டும். வேறொரு வியப்பு, மக்கள்தொகை எவ்வளவு என்பது இக்கணக்கில் பெரும்பாலும் வருவதேயில்லை. முழு அமெரிக்காவுக்கு 1,000 பேர் தேவையானால், ஒரு மாநிலத்துக் கவர்னர் தேர்தலுக்கும் அதே 1,000 பேர் தேவை. பெரிய பானையோ சிறிய பானையோ, நன்றாகக் கிளறியிருந்தால் ஒரே அகப்பை போதும். ஆனால் பானை சிறிது என்பதற்காக அகப்பையைச் சிறிதாக்கவும் இயலாது. கவர்னர் தேர்தல்களைக் கணிப்பது செலவு மிக்க வேலையாவதற்கு இதுவே காரணம். இருவரும் சமமாக ஓடும் போட்டியில் இடைவெளி ஒன்றிரண்டு விழுக்காடே எனில், 1,000 பேரைக் கேட்டு வெற்றியாளரைச் சொல்வது காசைச் சுண்டிப் போடுவதைவிட அதிக மேலன்று.

1982இல் கலிபோர்னியாவில் நடந்தது இதற்குச் சான்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகர மேயரும் கறுப்பினத்தவருமான டாம் பிராட்லி கவர்னர் பதவிக்கு நின்றார். அவரை எதிர்த்தவர் டியூக்மேஜியன். மெர்வின் ஃபீல்டு என்னும் புகழ்பெற்ற கணிப்பாளர் உட்படப் பலரும் பிராட்லி முந்துவதாகக் கூறினார்கள். வாக்களித்து வெளியே வந்தவர்களைக் கேட்ட கணிப்பும் அவ்வாறே சொன்னது. ஆயினும் 70 இலட்சத்துக்கு மேல் பதிவான வாக்குகளில் ஓரிலட்சத்துக்கும் குறைவான வேறுபாட்டில் பிராட்லி தோற்றார். மனத்திலிருந்த நிறவேற்றுமையை மறைத்து, வினவியவரிடம் சிலர் பொய் சொன்னார்கள் என்று பலர் கருதினர். அஞ்சல்வழி வாக்களித்தோர் டியூக்மேஜியன் பக்கம் சாய்ந்ததும், சாவடி வாசலில் நின்று கேட்டவர்கள் அவர்களைக் காண முடியாமற் போனதும் காரணம் என்றனர் வேறு சிலர். முன்னதைக் கேட்கும்போது, தலையங்கம் படிப்பதாகச் சொன்ன செயின்ட் லூயி மக்களின் நினைவு எனக்கு வருகிறது. பின்னதைக் கேட்கும்போது டைஜஸ்டின் நினைவு வருகிறது. 60 ஆண்டுகளில் கருவிகள் மாறின. சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி, காணப்படாத வாக்காளர் என்னும் இரு பகைகளும் மாறவில்லை.

காணப்படாதோரைப் பற்றி இன்னும் ஒரு சொல். காலப்பின் தொடக்க காலக் கணிப்புகளில் பெண்களும், தென்மாநிலத்தாரும், கறுப்பின மக்களும் அவர்களுடைய தொகைக்கு ஏற்ற அளவில் இடம்பெறவில்லை. வாக்களிப்போரின் கருத்தை அறிவதே நோக்கமாக இருந்ததால், வாக்குரிமை மறுக்கப்பட்டோர் கருத்துக் கணிப்பிலும் விடுபட்டார்கள். தேர்தலை முன்னறிய அது போதுமாயிருக்கலாம். அதையே நாட்டு மக்களின் குரல் என்று அழைத்தபோது, வாக்குச் சாவடியில் நடந்த அநீதி எண்களின் உள்ளேயும் புகுந்து அமர்ந்துகொண்டது. அவரைப் போற்றும் நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனினும் காலப் தம் அளவில் நடுநிலையைப் பெரிதும் பேணியவர். கட்சிகள் பணம் கொடுத்துக் கேட்கும் கணிப்புகளை அவர் ஏற்பதில்லை. கணிப்புத் தொழிலில் இறங்கிய பின் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பதையே அவர் விட்டுவிட்டார் என்றும் கூறுவர். ஊரார் வாக்கையெல்லாம் எண்ணியவர் தம் வாக்கை எண்ணாமல் விட்டார்! அவர் முறையைப் பின்பற்றி இங்கிலாந்தில் தோன்றிய நிலையம் 1945இல் தொழிற்கட்சியின் வெற்றியை முன்னரே காட்டியது. சர்ச்சில் தோற்பார் என்பதை அன்று நம்பியவர் சிலரே. நம் நாட்டில் 1950களில் எரிக் டா கோஸ்டா டில்லியில் பொதுக் கருத்து நிலையம் ஒன்றை நிறுவி இக்கலைக்கு வித்திட்டார். 1984ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்த தம் கோடை இல்லத்தில், 82ஆம் வயதில் காலப் மாரடைப்பால் மறைந்தார். பிரின்ஸ்டனில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அன்பர்களே! இவ்வரலாறு நமக்குத் தொலைவிலுள்ளதன்று. நம்மில் பலருடைய பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. உடலோ இவ்விடுதியில் இருக்கிறது. என் நிலையும் அதுவே. ஊரில் நம் வீட்டுக் கதவைத் தட்டும் வினவுநருக்கு நாம் அகப்படுவதில்லை. இங்கே தட்டுபவருக்கு நாம் இத்தொகுதியின் வாக்காளரல்லர். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு ஊர் சென்ற கோடிக்கணக்கானோர் இந்நாட்டில் இவ்வாறே இரண்டு பானைகளிலும் அகப்படாத பருக்கைகளாக இருக்கிறார்கள். வாக்களிக்கும் நாளில் இரயிலேறி ஊர் போகிறவர் எத்தனை பேர், போக முடியாதவர் எத்தனை பேர் என்பதை எந்தக் கணிப்பும் எளிதில் அளந்துவிட முடியாது.

ஆகவே அடுத்த தேர்தலில் தமிழ்நாட்டைப் பற்றியோ வேறு மாநிலத்தைப் பற்றியோ ஒரு கணிப்பு வெளிவந்து, உணவுக் கூடத்தில் வாதம் சூடேறும்போது, வெல்பவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்த நாட்களில் கேட்டார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பதில் சொல்ல மறுத்தவர் எத்தனை பேர், எவரெவர் கண்ணிலேயே படவில்லை என்று கேளுங்கள். முடிவு சரியாக அமைந்துவிட்டாலும் இக்கேள்விகளை விடாதீர்கள். காலப்பின் முதல் மூன்று வெற்றிகளின்போது இவற்றை உரக்கக் கேட்டிருந்தால், நான்காம் முறை அவர் தலைகுனிய நேர்ந்திராது.